சாமிக்கு ஒரு டீம்

1930களின் பம்பாயில் நீங்கள் நன்றாக பேட் பிடிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஊரின் மிகப் பெரிய டோர்னமென்ட்டில் ஆட ஆசை. கமிட்டிக்காரர் கேட்கும் முதல் கேள்வி "ஆவரேஜ் எவ்வளவு?" என்பதல்ல, "எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்?" என்பதுதான். கோயிலுக்குப் போகிறவர் என்றால் இந்துக்கள் டீம். மசூதி என்றால் முஸ்லிம்கள் டீம். அக்னிக் கோயில் என்றால் பார்சிகள் டீம். சர்ச் என்றால் மட்டும் கொஞ்சம் விசாரணை உண்டு. தோல் வெள்ளையாக இருந்தால் ஐரோப்பியர்கள் டீம், கறுப்பாக இருந்தால் 'ரெஸ்ட்' என்ற மிச்சம் மீதி டீம். ஏசு ஒருவர்தான், பெவிலியன் மட்டும் இரண்டு.

சாமியே கிடையாது என்கிறவர்களுக்கு டீமும் கிடையாது. ஈரோட்டுப் பெரியாருக்கு ஒருவேளை லெக் பிரேக் போட வந்திருந்தால், அவரை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் கமிட்டியே ராஜினாமா செய்திருக்கும்.

"சே, அந்தக் காலத்தில் என்ன மத வெறி!" என்று உச்சுக் கொட்ட அவசரப்படாதீர்கள். ஊரே இந்து, முஸ்லிம் என்று முறைத்துக்கொண்டிருந்த வருடங்களில், வெள்ளை பேன்ட் போட்ட அந்த இருபத்திரண்டு பேரும் பெரும்பாலும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அடிதடி முழுக்க கமிட்டி ரூமில். அதுவும் சுயராஜ்யம், தேசப்பிரிவினை போன்ற பெரிய விஷயங்களுக்காக என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். குதிரைக் குளம்பு, டீ குவளை, சீட் எண்ணிக்கை, இந்த மூன்றுக்கும்தான்.

முதலில் குதிரை.

பம்பாயில் கிரிக்கெட்டை முதலில் பிடித்துக்கொண்ட இந்தியர்கள் பார்சிகள். 1848லேயே ஓரியண்டல் கிரிக்கெட் கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். சிப்பாய்க் கலகத்துக்கு இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. வடக்கே துப்பாக்கியைத் திருப்பும் யோசனையே வராத காலத்தில் பம்பாய்ப் பார்சி ஃபீல்டிங் செட் பண்ணிக்கொண்டிருந்தார். ஆடிய இடம் கோட்டைக்கு வெளியே இருந்த எஸ்பிளனேட் திடல். இன்றைய ஆசாத் மைதானம் அதன் மிச்சம்தான்.

அதே திடலில் 1875ல் துரைமார்கள் பம்பாய் ஜிம்கானா ஆரம்பித்தார்கள். அவர்கள் கிரிக்கெட் ஆடத் தனியாக, வேலி போட்ட பச்சைப் புல்தரை. தட்டு ஏந்தி வருபவரைத் தவிர வேறு இந்தியர் உள்ளே கால் வைக்க முடியாது. போகட்டும், அவர்கள் புல், அவர்கள் வேலி. ஆனால் துரைகளுக்கு திடீரென்று போலோ ஆசை வந்தது. குதிரைகளைத் தங்கள் புல்லில் ஓட்டினால் புல் கெட்டுவிடுமே? அதனால் இந்தியர்கள் ஆடும் பகுதியில் ஓட்டினார்கள்!

மாலையில் போலோ முடியும். மறுநாள் பிட்ச் முழுக்கக் குளம்புக் குழிகள். அதில் குத்திய பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று போட்டவருக்கும் தெரியாது, ஆடுபவருக்கும் தெரியாது, பந்துக்கே தெரியாது. மனு மேல் மனு பறந்தது. ஒருமுறை போலோ நின்றது. துரைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் திரும்பி வந்தது. ஷாபூர்ஜி சோராப்ஜி என்ற பார்சி இந்த அநியாயத்தை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதி 1897ல் வெளியிட்டார். ஒன்றைக் கவனியுங்கள். அந்த மனுக்களில் பார்சி, இந்து, முஸ்லிம் மூவருமே சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பம்பாயில் மத ஒற்றுமையை முதலில் சாதித்துக் காட்டியது போலோ குதிரை!

அந்த ஒற்றுமையை ஒழிக்க அரசாங்கம் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிது. தானம் கொடுத்தது. கடலோரத்தில் கென்னடி சீ ஃபேஸ் பக்கம் பார்சிகளுக்கு ஒரு துண்டு நிலம். உடனே இந்துக்கள், "எங்களுக்கு?" என்றார்கள். முஸ்லிம்கள், "நாங்கள் மட்டும் இளப்பமா?" என்றார்கள். அப்போதைய கவர்னர் ஹாரிஸ் பிரபு ஃபைலில் ஒரு தீர்ப்பு எழுதினார். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு ஜிம்கானா, அதற்கு மேல் எவர் வந்து கேட்டாலும் 'உன் ஆட்களின் ஜிம்கானாவில் போய்ச் சேர்' என்று அனுப்பிவிடுவேன் என்பது அதன் சாரம். யார் எந்த மைதானத்தில் ஆடுவது என்ற கேள்வி அன்றோடு தீர்ந்தது. யார் யாரோடு ஆடுவது என்ற கேள்வி அன்றோடு ஆரம்பித்தது.

ஹாரிஸ் பிரபு சாதாரண ஆள் அல்ல. இங்கிலாந்து டீமின் முன்னாள் கேப்டன். 1890லிருந்து 1895 வரை கவர்னர் வேலையையும் பார்த்தார், அதாவது மேட்ச் இல்லாத நாட்களில். 1893 ஆகஸ்டில் பம்பாயில் பயங்கரமான இந்து முஸ்லிம் கலவரம். கவர்னர் எங்கே? பூனாவில். ஒன்பதாம் நாள்தான் பம்பாய் வந்து சேர்ந்தார். அதுவும் கலவரத்துக்காக அல்ல, ஒரு கிரிக்கெட் மேட்ச் இருந்ததால் வந்தார் என்று ஊர் பேசியது.

பார்சிகளின் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1886ல் கப்பலேறி இங்கிலாந்து போனார்கள். 28 மேட்ச் ஆடி 19ல் தோற்று, 8 டிரா செய்து, ஒன்றே ஒன்றில் ஜெயித்துவிட்டுத் திரும்பினார்கள். நாமாக இருந்தால் மட்டையை அரபிக் கடலில் வீசிவிட்டு கேரம் போர்டு வாங்கியிருப்போம். பார்சிகளோ 1888ல் மறுபடி போனார்கள். இந்த முறை 8 வெற்றி. பவ்ரி என்ற வேகப்பந்துக்காரர் மட்டும் 170 விக்கெட்! 1892லிருந்து வருடா வருடம் ஐரோப்பியர்களோடு மோதல். 1907ல் இந்துக்களும் சேர்ந்து மும்முனைப் போட்டி. 1912ல் முஸ்லிம்களும் வந்து நான்முனைப் போட்டி. இன்றைக்கு வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒவ்வொருவராக மச்சானைச் சேர்த்துக்கொண்டே போவார்களே, அந்த மாதிரி வளர்ந்தது. கடைசியில் நடந்ததும் வாட்ஸ்ஆப் குரூப்பில் நடப்பதுதான்.

நம் மெட்ராஸ்காரர்களைக் கொஞ்சம் பெருமையாகச் சொல்லலாம் போலிருக்கும். சேப்பாக்கத்தில் பொங்கல் சமயத்தில் நடந்த பிரசிடென்ஸி மேட்ச்சில் இரண்டே டீம்தான். ஐரோப்பியர்கள் ஒன்று, இந்தியர்கள் ஒன்று. அதற்கு வித்திட்ட புச்சிபாபு நாயுடுவுக்கு எப்படி ரோஷம் வந்ததாம்? வெள்ளைக்காரர்கள் பெவிலியனுக்குள் உட்கார்ந்து சாப்பிட, இந்தியர்கள் மரத்தடியில் சாப்பிட வேண்டியிருந்ததாம். தென்னிந்திய கிரிக்கெட்டின் பிதாமகருக்கே உத்வேகம் கொடுத்தது சாப்பாட்டு இடம்தான். இதற்குச் சிரித்துவிட்டு, பம்பாயின் டீ பிரேக்குக்கு வாருங்கள். அங்கே சிரிப்பு நின்றுவிடும்.

பால்வங்கர் பாலூ. 1876ல் தார்வாரில் பிறந்தவர். தோல் வேலை செய்யும் சமார் சாதி. பூனாவில் பார்சிகளின் கிளப்பில் மைதானத்தைப் பார்த்துக்கொள்ள மாதம் மூன்று ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் நாலு ரூபாய். அங்கே நெட்டில் துரைமார்களுக்குப் பந்து போடுவதும் வேலையில் சேர்த்தி. கிரெக் என்ற ராணுவ அதிகாரி, தன்னை ஒவ்வொரு தடவை அவுட்டாக்கும்போதும் எட்டணா தருவதாகச் சொன்னாராம். நூறு தடவை அவுட்டாக்கினால் ஐம்பது ரூபாய், அதாவது ஒரு வருடச் சம்பளத்தைவிட இரண்டு ரூபாய் அதிகம்! ஐ.பி.எல். காண்டிராக்ட்டில்கூட இவ்வளவு சுத்தமான இன்சென்டிவ் கிடையாது. ஒரே குறை: மணிக்கணக்காகப் பந்து போட்ட அந்த மனிதர் கையில் துரைமார்கள் ஒரு தடவைகூட பேட்டைக் கொடுக்கவில்லை. பேட்டிங் என்பது பிரபுக்களின் காரியமாம்.

பூனா இந்துக்களுக்குப் பெரிய தர்மசங்கடம். வெள்ளைக்காரர்களை ஜெயிக்க வேண்டும். பாலூ இல்லாமல் முடியாது. பாலூவோடு ஆடினால் தீட்டு. பல வாக்குவாதங்களுக்குப் பிறகு ஒரு காம்ப்ரமைஸ் கண்டுபிடித்தார்கள். மைதானத்துக்குள் எல்லாரும் சமம். டீ நேரத்தில் மட்டும் அவர் பெவிலியனுக்கு வெளியே, மண் குவளையில் குடிப்பார். மதியச் சாப்பாடு தனித் தட்டில்.

பந்து எதனால் செய்தது ஐயா? தோலால். அந்தத் தோல் பந்தை அவர் கையிலிருந்து வாங்கலாம், எச்சில் தொட்டுத் தொடையில் தேய்க்கலாம், கேட்ச் பிடித்தால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். அவர் தொட்ட கோப்பை மட்டும் கூடாது. எல்.பி.டபிள்யூ. சட்டம்கூட இவ்வளவு நுணுக்கமாக எழுதப்படவில்லை!

இதைச் சொல்லும்போது தாராவி ஞாபகத்துக்கு வருகிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நம் ஜனங்கள், முஸ்லிம்களும் தலித்துகளுமாக, அங்கே தோல் பதனிட்டார்கள். அந்தத் தோலைச் செருப்பாக, பெல்ட்டாக, கைப்பையாக உடம்பெல்லாம் மாட்டிக்கொண்டு நடந்த பம்பாய், அதைப் பதனிட்ட ஆளைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போனது. பூனா பெவிலியன் ஒன்றும் விதிவிலக்கல்ல.

1896ல் பாலூ பம்பாய் வந்தார். இந்து ஜிம்கானாவில் பத்துக் கேள்விக்குப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். விக்கெட் விழ விழ, கேள்விகள் தானாகக் குறைந்தன. சாப்பாட்டு மேஜையிலும் இடம் கிடைத்தது. 1906 பிப்ரவரியில் இந்துக்கள் ஐரோப்பியர்களை 109 ரன்னில் தோற்கடித்தார்கள். அந்த டீமில் விக்கெட் கீப்பர் மெட்ராஸிலிருந்து போன நம் சேஷாச்சாரி. பெயரைக் கேட்டாலே பஞ்சகச்சம் தெரிகிறது இல்லையா? பாலூ கையிலிருந்து புறப்பட்டு சேஷாச்சாரி கைக்குப் போய்ச் சேரும் பந்து. இடையில் மனு தர்மம் குறுக்கே நிற்கவில்லை. ஒரு வெள்ளைக்காரரின் பேட் மட்டும்தான் இருந்தது. அதுவும் பல சமயம் குறுக்கே வரவில்லை.

1911ல் முதல் அகில இந்திய டீம் இங்கிலாந்து போனது. தேர்வு எப்படி? ஃபார்ம் பார்த்தா? இத்தனை பார்சி, இத்தனை இந்து, இத்தனை முஸ்லிம் என்று தராசில் நிறுத்து. தலைக்கு மேல் கிரீடமாக, கேப்டன் பதவிக்கு பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். பத்தொன்பது வயது. மகாராஜாவுக்கு அந்த வருடம் லண்டனில் ஏகப்பட்ட வேலை. ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா, விருந்து, டான்ஸ், மறுபடி விருந்து. கிரிக்கெட்டுக்குச் சில நாள் ஒதுக்கினார். தான் வராதது போதாதென்று, டீமின் நல்ல பேட்ஸ்மேனான கேகி மிஸ்திரியையும் தன் காரியதரிசி என்ற முறையில் கூடவே அழைத்துக்கொண்டு போய்விட்டார். மொத்தம் 23 மேட்ச், 15 தோல்வி. பாலூ மட்டும் 114 விக்கெட் எடுத்தார். மகாராஜா எத்தனை விருந்து சாப்பிட்டார் என்பதற்கு ஸ்கோர் புக் இல்லை.

இப்படிப்பட்டவரை இந்துக்கள் டீமுக்குக் கேப்டன் ஆக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கிறீர்கள். பம்பாய்ப் பத்திரிகைகளும் கிட்டத்தட்டப் பத்து வருடம் அதையேதான் கேட்டன. கமிட்டிக்குக் காது மந்தம். இதில் எனக்குப் பிடித்த ஆள் எம்.டி. பாய். கௌட சாரஸ்வத பிராமணர். 1913ல் கேப்டன் ஆனார். அவர் சாதிக்காரர்கள் பூரித்துப்போய்ப் பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்ட பாய், இந்தப் பதவி என் நண்பர் பாலூவுக்குப் போயிருக்க வேண்டியது, அவர்தான் சீனியர், அனுபவசாலி என்று அதே மேடையில் சொல்லிவிட்டார். கூடியிருந்தவர்கள் முகம் எப்படிப் போயிருக்கும்! சொந்தச் சாதிக் கூட்டத்தில் நின்று இதைச் சொல்ல இன்றைக்கும் எத்தனை பேருக்கு நாக்கு வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

சொன்னாரே தவிர பதவியை விட்டாரா என்று கேட்டுவிடாதீர்கள். அவரும் மனிதர்தானே.

1920ல் விஷயம் வெடித்தது. பாய்க்கு உடம்பு சரியில்லை. கேப்டன் பதவி அதே டீமில் ஆடிய பாலூவின் தம்பிகளைவிட அனுபவம் குறைந்த ஒருவருக்குப் போனது. பாலூவுக்கு டீமிலேயே இடமில்லை. தம்பிகள் விட்டலும் சிவராமும் பத்திரிகையில் அறிக்கை விட்டுவிட்டு விலகினார்கள். சாதி காரணமாக எங்களை ஒதுக்கினீர்கள், இனி ஆட மாட்டோம் என்று நேருக்கு நேர் சொன்னார்கள். கமிட்டி ஆடிப்போனது. கொள்கை ரீதியாக அல்ல, ஃபைனல் நெருங்கிக்கொண்டிருந்தது! பாலூவை வைஸ் கேப்டனாகத் திரும்ப அழைத்தார்கள். 1923ல் ஒருவழியாக விட்டலே கேப்டன் ஆனார். இந்துக்கள் ஐரோப்பியர்களைத் தோற்கடித்தார்கள். மரியாதை கேட்டு வாங்கியது, அதுவும் ஸ்டிரைக் பண்ணி. மைதானத்துப் பண்பாடு தானாக மலர்ந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால், விட்டலைப் பற்றிக் கேளுங்கள்.

பாலூவின் கதையில் இன்னொரு விசித்திரம். 1911ல் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது பம்பாயில் தலித் மக்கள் அவருக்குப் பெரிய வரவேற்பு கொடுத்தார்கள். அந்த வரவேற்புப் பத்திரத்தை எழுதியவர் ஒரு காலேஜ் மாணவர் என்பார்கள். பெயர் பீமராவ் அம்பேத்கர். பிறகு 1932ல் தலித்துகளுக்குத் தனித் தொகுதி வேண்டுமா என்ற விவகாரத்தில் பாலூ, நம் மெட்ராஸ் தலித் தலைவர் எம்.சி. ராஜா பக்கம் நின்றார். அதாவது அம்பேத்கருக்கு எதிர்ப்பக்கம். 1937 தேர்தலில் காங்கிரஸ் பம்பாயில் அம்பேத்கருக்கு எதிராக யாரை நிறுத்தியது தெரியுமா? பாலூவை. அம்பேத்கருக்கு 13,245 ஓட்டு, பாலூவுக்கு 11,225. இங்கிலாந்துக் கவுண்டிகளைத் திணறடித்த சுழல் பந்து அந்த பேட்ஸ்மேனிடம் எடுபடவில்லை.

அதே 1937ல் ரெஸ்ட் டீமும் சேர்ந்தது. நான்முனை ஐந்துமுனை ஆனது. புது ஸ்டேடியம் வேறு. அந்த நிலம் கிடைத்த கதையே தனி. டி மெல்லோ என்ற கெட்டிக்காரர் கவர்னர் பிராபர்ன் பிரபுவிடம் போய், உங்கள் அரசாங்கத்துக்குப் பணம் வேண்டுமா, அல்லது உங்களுக்குச் சாகாவரம் வேண்டுமா என்கிற தோரணையில் கேட்டாராம். கவர்னர் சாகாவரத்தைத் தேர்ந்தெடுத்தார். அதனால்தான் இன்றைக்கும் சர்ச்கேட் பக்கம் பிராபர்ன் ஸ்டேடியம் என்று போர்டு இருக்கிறது. பிராபர்ன் வேறு என்ன செய்தார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

ஸ்டேடியம் தயார், ஐந்து டீம் தயார், ஊரே தயார். இந்துக்கள் ஆட வரவில்லை! தேசபக்தியா? சத்தியாகிரகமா? இல்லை. இந்து ஜிம்கானா மெம்பர்களுக்கு ஒதுக்கிய சீட் போதவில்லையாம். ஐந்துமுனைப் போட்டி தன் முதல் வருடத்தில் நாலு டீமோடு நடந்தது. முஸ்லிம்கள் ஜெயித்தார்கள். கல்யாணப் பந்தியில் முதல் வரிசை கிடைக்காத சம்பந்தி கோபம், ஒரு சரித்திர நிகழ்ச்சியாக ரெக்கார்டு ஆகியிருக்கிறது.

இனி காந்தி வருகிறார். கிரிக்கெட்டில் காந்திக்கு என்ன தகுதி என்று கேட்காதீர்கள், அவர் இங்கிலாந்தின் எம்.சி.சி. டீமில் பதினேழாவது ஆள். சத்தியமாக! 1933ல் ஜார்டினின் டீம் இந்தியா வந்தபோது, பேட்ஸ்மேன் விஜய் மெர்ச்சென்ட்டின் சகோதரி லட்சுமி தன் ஆட்டோகிராஃப் புத்தகத்தில் பதினாறு ஆட்டக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். பிறகு காந்தியிடம் நீட்டினார். காந்தி பக்கங்களைப் புரட்டினார், வெள்ளைக்காரர்களின் பட்டியலைக் கண்டுபிடித்தார், அதன் அடியிலேயே பதினேழாவதாகத் தன் பெயரையும் போட்டுவிட்டார். உடம்பைக் குறிவைத்துப் பந்து போடும் பாடிலைன் புகழ் ஜார்டினின் டீமில் அகிம்சாமூர்த்தி!

1940 டிசம்பர். தனிநபர் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்தது. நேரு சிறையில். இந்த நேரத்தில் மத வாரியாகக் கிரிக்கெட் ஆடி மகிழலாமா என்ற மனச்சாட்சி உறுத்தல் இந்து ஜிம்கானாவுக்கு வந்தது. ஒரு தூதுக்குழு வார்தா போய் காந்தியைக் கேட்டது. போட்டியை நிறுத்த வேண்டும் என்பவர்கள் பக்கம்தான் என் அனுதாபம் என்றார் காந்தி. காலேஜுக்கும் காலேஜுக்கும் மேட்ச் என்றால் புரிகிறது, இந்துக்கும் முஸ்லிமுக்கும் பார்சிக்கும் எதற்கு மேட்ச் என்பது எனக்கு என்றைக்குமே புரிந்ததில்லை என்ற பொருளில் பேசினார்.

பதினேழாவது ஆட்டக்காரரே சொல்லிவிட்டார். இந்து ஜிம்கானா பொதுக்குழு கூடியது. தேசமே மகாத்மா சொல்லுக்குத் தலைவணங்கிய காலம், ஏகமனதாகத் தீர்மானம் என்றுதானே நினைப்பீர்கள்? விலகுவதற்கு ஆதரவாக 280, எதிராக 243. மகாத்மா 37 ஓட்டில் ஜெயித்தார்! ஜெயிலுக்குப் போகச் சொல்லியிருந்தால் இன்னும் நிறைய பேர் கிளம்பியிருப்பார்கள். மேட்ச்சை விடச் சொன்னதுதான் ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது. அந்த வருடம் இந்துக்கள் ஆடவில்லை. அடுத்த வருடமே திரும்பி வந்து கோப்பையையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கமிட்டிகள் இப்படிப் பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருக்க, ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஒருவரை ஒருவர் ரெக்கார்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். இந்துக்கள் டீமின் விஜய் மெர்ச்சென்ட் வைத்திருந்த 243 ரன் ரெக்கார்டை, 1943ல் ரெஸ்ட் டீமின் கிறிஸ்தவர் விஜய் ஹசாரே 248 எடுத்து முறியடித்தார். ஃபைனலில் மெர்ச்சென்ட் அவுட்டாகாமல் 250. "திருப்திதானே?" என்பது போல டிக்ளேர் செய்தார். ஃபாலோ ஆன் வாங்கிய ரெஸ்ட் டீமில் ஹசாரே மறுபடி வந்து 309! டீமின் மொத்த ஸ்கோரே 387தான். அதில் அண்ணனும் தம்பியுமாகச் சேர்த்தது 300 ரன். தம்பி விவேக் ஹசாரேயின் பங்கு 21. குடும்பப் பாரத்தை ஒருவரே சுமப்பது என்றால் இதுதான். ரெஸ்ட் இன்னிங்ஸ் தோல்வி அடைந்தது. ஆனால் ஊர் பேசியது ஹசாரேயைப் பற்றி.

அந்த நாட்களில் இதையெல்லாம் வானொலியில் வர்ணித்தவர் பாபி தலியார்கான். நாள் முழுக்க ஒரே ஆள்தான் பேசுவார். இன்னொருவரோடு மைக்கைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னபோது வேலையையே விட்டார். நாட்டைப் பங்கு போடச் சம்மதித்தவர்கள்கூட உண்டு, மைக்கைப் பங்கு போட அவர் சம்மதிக்கவில்லை.

மெர்ச்சென்ட்டுக்கு ஒரு முஸ்லிம் சிநேகிதர் உண்டு, முஷ்டாக் அலி. 1936ல் இங்கிலாந்தில் இந்திய டீமுக்குக் கேப்டன் 'விஜ்ஜி' என்ற விஜயநகரம் மகாராஜகுமார். மூன்று டெஸ்டிலும் சேர்த்து 33 ரன் எடுத்து, அந்த டூரிலேயே சர் பட்டமும் வாங்கியவர். ரன்னுக்கும் பட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இவரே சாட்சி. விஜ்ஜிக்கு மெர்ச்சென்ட் என்றால் ஆகாது. மான்செஸ்டரில் ஓப்பனிங் இறங்கப்போன முஷ்டாக்கைத் தனியாக அழைத்து, மெர்ச்சென்ட்டை ரன் அவுட் ஆக்கிவிடு என்றார். ஒரு இந்து கேப்டன், ஒரு இந்து பேட்ஸ்மேனைக் கவிழ்க்க ஒரு முஸ்லிமிடம் உதவி கேட்கிறார்! முஷ்டாக் நேராக மெர்ச்சென்ட்டிடம் போய் அதைச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு 203 ரன் பார்ட்னர்ஷிப் போட்டார்கள். மெர்ச்சென்ட் 114, முஷ்டாக் 112.

இந்த மாதிரிச் சிநேகம் பெரிய பரீட்சைக்கு வந்தது 1944ல். ஜின்னா தனி நாடு கேட்டு நாலு வருடம் ஆகிவிட்டது. அந்த செப்டம்பரில்தான் பம்பாய் மலபார் ஹில்லில், ஜின்னா வீட்டில், காந்தியும் ஜின்னாவும் நாள்கணக்காகப் பேசி ஒன்றும் முடியாமல் எழுந்து போயிருந்தார்கள். சில வாரங்கள் கழித்து, அதே ஊரின் பிராபர்ன் ஸ்டேடியத்தில் ஃபைனல். இந்துக்கள் ஒருபக்கம், முஸ்லிம்கள் ஒருபக்கம். போலீஸுக்கு வயிற்றில் புளி கரைத்திருக்கும்.

முஸ்லிம்களின் ஓப்பனர் கே.சி. இப்ராகிம் ஆரம்பம் முதல் கடைசிவரை நின்று 137 எடுத்தார். மறுமுனையில் விக்கெட்டுகள் சரிந்துகொண்டே வந்தன. ஒன்பது விழுந்துவிட்டது. கடைசி ஜோடி. அப்புறம் ஜெயித்தே விட்டார்கள், ஒரே ஒரு விக்கெட் வித்தியாசத்தில்! ஸ்டேடியம் எரிந்ததா? கல் பறந்ததா? கைதட்டல்தான் பறந்தது. இந்துக்கள் கேப்டன் மெர்ச்சென்ட் நேராக முஸ்லிம்களின் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போய் வாழ்த்திவிட்டு வந்தார். இப்ராகிம் அவருக்கு அந்நியரா என்ன? ரஞ்சிக் கோப்பை என்று வந்தால் இருவரும் ஒரே பம்பாய் டீம்.

இதைக் காட்டித்தான் போட்டியின் ஆதரவாளர்கள், "பார்த்தீர்களா, இதனால் ஒற்றுமை வளர்கிறது" என்றார்கள். அது கொஞ்சம் அதிகப்படி. பிராபர்னில் கைதட்டியவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய் அண்டை வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டார்கள் என்பதற்குச் சாட்சியம் இல்லை. எதிர்ப்பாளர்கள், "இதனால்தான் விஷம் பரவுகிறது" என்றார்கள். அதுவும் அதிகப்படி. கிரிக்கெட்டே தெரியாத ஊர்களிலும் விஷம் தாராளமாகவே பரவிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வாயைத் திறந்து சொல்லாத ஒரு காரணம் உண்டு. இந்தப் போட்டிக்குக் கூட்டம் அலைமோதியது, ரஞ்சி மேட்ச்சுகளுக்கு அந்தக் கூட்டம் இல்லை. கல்லாப்பெட்டியும் தன் பங்குக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டே இருந்தது.

1946ல் போட்டியை ஒரேயடியாக மூடினார்கள். அடுத்த வருடம் நாட்டையே பிரித்தார்கள். முஷ்டாக் அலி இந்தூரிலேயே இருந்துவிட்டார். இப்ராகிம் 1948ல் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார், பிற்பாடு கராச்சிக்குப் போய்விட்டார். பாலூ 1955ல் காலமானார்.

அதே 1948ல் பம்பாயில் வேறொரு போட்டி ஆரம்பித்தது. கங்கா லீக். 1911ல் பாலூவோடு இங்கிலாந்து போன பார்சி, டாக்டர் எச்.டி. கங்காவின் பெயரில். கொட்டுகிற மழைக்காலத்தில்தான் ஆட வேண்டும் என்பது விதி. இதில் டீம்கள் பேட்டை வாரியாக, கிளப் வாரியாக. தாதர் யூனியனும் சிவாஜி பார்க்கும் முட்டிக்கொண்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை பாதி ஊருக்குச் சாப்பாடு இறங்காது. சுனில் கவாஸ்கர் ஆடிய தாதர் யூனியனின் மைதானம் தாதரில் இல்லை, நம் மாட்டுங்காவில் இருக்கிறது. அதைப் பற்றி இதுவரை யாரும் கலவரம் செய்யவில்லை.

ஹாரிஸ் பிரபு காலத்து ஜிம்கானாக்கள் மரைன் டிரைவில் இன்றும் அதே பெயர்களோடு வரிசையாக நிற்கின்றன. பெயர்தான் பழசு, பதினொரு பேரில் யார் யார் என்பதெல்லாம் எப்போதோ கலந்துவிட்டது. செம்பூர் அணுசக்தி நகரில் வளர்ந்து, 2024ல் இந்தியாவின் டி20 கேப்டனான சூர்யகுமார் யாதவ் ஆடிய கிளப், பார்சி ஜிம்கானா. மழைக்காலத்தில் பம்பாய்ப் பக்கம் போனால் ஒரு கங்கா லீக் மேட்ச் பாருங்கள். டிக்கெட் கிடையாது. குடை மட்டும் கட்டாயம்.